காமா வெடிப்புக் கட்டுரையில் ஆஸ்ட்ரோசாட் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தொலைதூர விண்வெளியில் திடீரென்று பீறிட்டு அடங்கும் காமா கதிர் வெடிப்புகள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். அணுகுண்டுச் சோதனைகளை வேவு பார்க்க அமெரிக்கா ஏவிய வேலா செயற்கைக்கோள்களில் 1967-இல் முதல் வெடிப்பு தற்செயலாகப் பதிவானதில் தொடங்கி, ஸ்விஃப்ட், ஃபெர்மி செயற்கைக்கோள்கள் வரை நன்றாகவே சொல்லியிருந்தார்கள். ஆனால் 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய நம் விண்வெளி ஆய்வகமான ஆஸ்ட்ரோசாட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அது எனக்கு வருத்தம்தான்.

ஆஸ்ட்ரோசாட்டில் உள்ள சி.இசட்.டி.ஐ. கருவி, காட்மியம் சிங்க் டெல்லூரைடு படிகங்களால் ஆனது. மொத்தம் 64 தொகுதிகள். ஒவ்வொன்றிலும் 256 கட்டங்கள். ஒரு கட்டத்தின் அகலம் இரண்டரை மில்லிமீட்டர்தான். நேர் எதிரே உள்ள ஒரு சிறு வான்பகுதியைப் படம் பிடிக்கத்தான் இதைச் செய்தார்கள். ஆனால் ஆற்றல் 100 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டைத் தாண்டிவிட்டால் காமா கதிர் கருவியின் பக்கச் சுவர்களையே ஊடுருவி உள்ளே வந்துவிடும். அதனால் பக்கவாட்டில் வெடித்தாலும் தெரியும். கருவியை இயக்கிய முதல் நாளான 2015 அக்டோபர் 6 அன்றே ஒரு வெடிப்பு சிக்கியது. அதுவும் கருவி பார்த்துக்கொண்டிருந்த திசையிலிருந்து சுமார் 60 டிகிரி தள்ளி! 2023 நவம்பரில் எண்ணிக்கை 600-ஐத் தொட்டது. ஐந்து ஆண்டு உழைத்தால் போதும் என்று திட்டமிட்ட செயற்கைக்கோள் இது.

எண்ணிக்கையைவிட முக்கியமான வேலை ஒன்றையும் இந்தக் கருவி செய்கிறது. உள்ளே வரும் காமா ஃபோட்டான் சில சமயம் ஒரு கட்டத்தில் மோதிச் சிதறி, பக்கத்துக் கட்டத்தில் போய் அடங்கும். இப்படி ஜோடி ஜோடியாகப் பதிவாகும் கட்டங்கள் எந்தத் திசையில் அதிகம் அமைகின்றன என்று கணக்கெடுத்தால் அந்தக் கதிரின் தளவிளைவு, அதாவது அதன் அலைகள் எந்த அளவுக்கு ஒரே தளத்தில் அதிர்கின்றன என்பது, தெரிந்துவிடும். வெடிப்பிலிருந்து பீறிடும் தாரைக்குள் காந்தப்புலம் ஒழுங்காக இருக்கிறதா, சிக்கலாகக் கிடக்கிறதா என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். இந்த அளவீட்டைச் செய்த விண்வெளிக் கருவிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சரி, குறையையும் சொல்ல வேண்டும். 2017 ஆகஸ்ட் 17 அன்று, 13 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதி இணைந்தபோது எழுந்த ஈர்ப்பலை, அதாவது வெளியையே அதிரவைக்கும் அலை, பூமிக்கு வந்து சேர்ந்தது. 1.7 வினாடி கழித்து ஒரு குறுகிய காமா வெடிப்பை ஃபெர்மி பிடித்தது. தங்கம் போன்ற கனமான தனிமங்கள் இத்தகைய மோதல்களில் உருவாகின்றன என்பதற்கு வலுவான சான்று கிடைத்தது அந்த நிகழ்விலிருந்துதான். அப்போது ஆஸ்ட்ரோசாட்டும் விழித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதற்கும் வெடிப்புக்கும் நடுவே பூமி நின்றது. 650 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளுக்கு வானத்தில் கால் பங்குக்கு மேல் பூமியே மறைத்துக்கொள்ளும். என்ன செய்ய முடியும்?

இதற்கு வழி சொல்லும் திட்டம் நம்மிடமே இருக்கிறது. மும்பை ஐஐடியும் பிற ஆய்வு நிறுவனங்களும் சேர்ந்து முன்மொழிந்த 'தக்‌ஷா', பூமிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு செயற்கைக்கோள்களை நிறுத்தச் சொல்கிறது. ஒன்றுக்குப் பூமி மறைத்தால் மற்றதற்குத் தெரியும். முழு வானமும் எந்நேரமும் கண்காணிப்பில் இருக்கும். ஈர்ப்பலைகளைப் பதிவு செய்ய மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலியில் அமையும் லைகோ-இந்தியா ஆய்வகத்துக்கு 2023-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டது. அது இயங்கத் தொடங்கும்போது தக்‌ஷாவும் மேலே இருந்தால் மோதலின் ஈர்ப்பலை, காமா கதிர் இரண்டையும் நாமே பதிவு செய்யலாம். பல்லாண்டு உழைப்பில் கட்டப்படும் ஆய்வகத்துக்கு இந்தத் துணை கிடைத்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சி.இசட்.டி.ஐ. தரவுகளோடு வேலை செய்யும் ஆய்வாளர்கள் யாரிடமாவது ஒரு கட்டுரை கேட்டு வாங்கி வெளியிடுங்கள். அப்புறம், அந்தப் படிகக் கட்டங்களின் படத்தையும் பெரிதாகப் போடுங்கள். பிளஸ் டூ மாணவர்கள் தளவிளைவையும் மாலஸ் விதியையும் பாடமாகப் படிக்கிறார்கள். அவர்களுக்கு மிகவும் பயன்படும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
தஞ்சாவூர்.