டொலேடோ மடத்துக் கோயிலுக்கு நல்ல நகல்கள் செய்து கொடுங்கள்

சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட், மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகம் ஆகியவற்றின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். ஸ்பெயினின் டொலேடோ நகரத்து சான்டோ டொமிங்கோ எல் ஆன்டிகுவோ கன்னியர் மடத்துக் கோயிலின் சார்பாக, யாரும் கேட்காமலே இதை எழுதுகிறேன். அந்தக் கோயிலின் நடுப்பீடத்துக்காக 16ஆம் நூற்றாண்டு ஓவியர் எல் கிரேக்கோ வரைந்த இரண்டு பெரிய படங்கள் உங்கள் இருவரிடமும் ஆளுக்கொன்றாக இருக்கின்றன. அவற்றைத் திருப்பிக் கேட்கவில்லை. யாரும் திருடிப் போகவில்லை. 19ஆம் நூற்றாண்டில் மடத்திலிருந்து விலைக்குப் போனவை. ‘மூவொரு கடவுள்’ ஒரு சிற்பியின் கைக்குப் போய், 1832இல் ஏழாம் பெர்னாந்தோ மன்னரிடம் வந்து, பிராடோவில் நிலைத்தது. ‘மரியாவின் விண்ணேற்பு’ ஓர் இளவரசரிடம் போய்க் கடைசியில் 1906இல் சிகாகோ சேர்ந்தது.

கிரீட் தீவில் பிறந்து வெனிஸ், ரோம் எல்லாம் பார்த்துவிட்டு எல் கிரேக்கோ 1577இல் டொலேடோ வந்தபோது, ஸ்பெயினில் அவருக்குக் கிடைத்த முதல் பெரிய வேலைகளில் ஒன்று இது. மரியா தெ சில்வா என்ற போர்த்துக்கீசிய சீமாட்டியின் கல்லறைக் கோயிலாக இதைக் கட்டுவித்தவர் பேராலயத்தின் தலைமைக் குரு தியேகோ தெ காஸ்தீயா. படம் மட்டுமல்ல, படங்கள் உட்காரும் தூண்களும் சட்டமும் சிலைகளும் எப்படி இருக்க வேண்டும் என்றும் எல் கிரேக்கோவே வரைந்து கொடுத்தார். செதுக்கியவர் மொனேக்ரோ.

அதனால்தான் சொல்கிறேன், இவை தனித்தனிப் படங்கள் இல்லை. ‘விண்ணேற்பு’ படம் நாலு மீட்டர் உயரம். அடியில் திறந்த கல்லறை, சுற்றிலும் திகைத்து நிற்கும் திருத்தூதர்கள், மேலே பிறைநிலவில் கால் பதித்து எழும் மரியா. வலது கீழ் மூலையில் ஒரு துண்டுக் காகிதம்; அதில் கிரேக்க எழுத்தில் ஓவியர் கையெழுத்து. அந்தக் கல்லறை திருப்பலி நடக்கும் பீடத்துக்கு நேர் மேலே இருந்தது. மரியா கை விரித்து அண்ணாந்து பார்ப்பது வெறும் வானத்தை அல்ல. அவருக்கு மேல் அடுக்கில் இருந்த ‘மூவொரு கடவுள்’ படத்தில் தந்தைக் கடவுள், உயிரற்ற மகன் இயேசுவின் உடலை மடியில் தாங்கியிருந்தார். கீழே குரு, இயேசுவின் உடல் என்று நம்பப்படும் நற்கருணை அப்பத்தை உயர்த்தும்போது, அதே உடல் உச்சியில் கண்ணுக்குத் தெரியும். கண்ணை அடியிலிருந்து உச்சிக்கு ஏற்றும் படிக்கட்டு அது. இன்று அதன் கீழ்ப்படி சிகாகோவில், மேல்படி மாட்ரிட்டில்.

2025இல் பிராடோ இந்தப் படங்களை ஒன்றுசேர்த்துக் கண்காட்சி வைத்தது. சிகாகோவும் தன் படத்தை அனுப்பியது. இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. ஆனால் டொலேடோ அங்கிருந்து எழுபது கிலோமீட்டர்தான்! அவ்வளவு தூரம் வந்த படம் அந்தக் கொஞ்ச தூரம் போகவில்லை. ஈரப்பதம், காப்பீடு, பாதுகாப்பு என்று காரணங்கள் இருக்கும், சரி. நாலரை நூற்றாண்டு வயதான துணியை ஊர் ஊராக இழுக்கச் சொல்லவும் எனக்கு மனமில்லை.

மடத்தில் இப்போதும் ‘உயிர்ப்பு’ படமும் திருமுழுக்கு யோவான், நற்செய்தி எழுதிய யோவான் இருவரின் படங்களும் எல் கிரேக்கோ கைப்பட வரைந்தவையாகவே இருக்கின்றன. விற்றுப் போனவற்றின் இடத்தில் பழைய நகல்கள். அசலுக்கு நடுவே மாட்டினால் எந்த நகலும் கொஞ்சம் பாவம்தான்.

கேட்பது இதுதான். வெனிஸில் சான் ஜியோர்ஜியோ மடத்துச் சாப்பாட்டுக்கூடத்திலிருந்து நெப்போலியன் படை கொண்டுபோன ஓவியர் வெரோனேசேயின் ‘கானாவூர்த் திருமணம்’ இன்னும் பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. ஆனால் 2007இல் அதை அங்குலம் அங்குலமாகப் பதிவுசெய்து, அதே அளவில் நகலெடுத்து, பழைய சுவரிலேயே பொருத்தினார்கள். செய்து கொடுத்த நிறுவனம் இருப்பது மாட்ரிட்டில். பிராடோ வெகுதூரம் தேட வேண்டியதில்லை. அப்படி இந்த இரண்டு படங்களையும் செய்து கொடுங்கள், உங்கள் செலவில்.

மூன்றாவதாக ஒன்றும் சேர்த்துக்கொள்ளலாம். எல் கிரேக்கோவை 1614இல் அடக்கம் செய்ததும் இந்தக் கோயிலில்தான். தன் கல்லறைக்கு மேல் மாட்டுவதற்கென்றே கடைசிக் காலத்தில் அவர் வரைந்த ‘இடையர்களின் வணக்கம்’ பிராடோவில் இருக்கிறது. தன் சொந்தக் கல்லறைக்கு என்று ஒருவர் வரைந்து வைத்ததன் நகலாவது அங்கே இருக்க வேண்டாமா?

இதையெல்லாம் நீங்கள் இருவரும் மட்டும் உட்கார்ந்து முடிவுசெய்துவிட வேண்டாம். அது இன்னும் சிஸ்டர்சியன் துறவற சபைக் கன்னியர் ஜெபிக்கிற வீடு. பழைய நகல்களை என்ன செய்வது, சாரம் கட்டுகிற நாட்களில் வழிபாடு எங்கே நடப்பது என்று முதலில் அவர்களிடம் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அருங்காட்சியகங்களின் ரசிகர் ஒருவர்