குடைதான் முதல்ல, பந்து அப்புறம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல வந்த காளான் கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன், படமெல்லாம் அருமை, ஆனா பந்து மாதிரி மூடியே இருக்கற காளான்தான் ஆதி வடிவம், அதுலேர்ந்து வந்ததுதான் குடைக் காளான்னு போட்டிருந்தீங்க பாருங்க, அது பல வம்சத்துல அப்படியே தலைகீழ்ங்க. முதல்ல குடையாத்தான் இருந்துச்சு, அப்புறம்தான் மூடிக்கிச்சு.

குடைக்கு அடியில மடிப்பு மடிப்பா இருக்குல்ல, அங்க ஒவ்வொரு வித்தோட அடியிலயும் காத்துல இருக்கற ஈரத்த இழுத்து ஒரு குட்டி நீர்த்துளி ஊறும், அது வித்து மேல இருக்கற ஈரத்தோட சட்டுனு ஒட்டுறப்ப வித்து தெறிச்சு வெளிய விழும். நல்லா விரிஞ்ச காளான் ஒண்ண தண்டு நறுக்கி பேப்பர் மேல கவுத்து, டம்ளர் போட்டு மூடி ராத்திரி பூரா வச்சுப் பாருங்க. காலைல மடிப்புக்கு மடிப்பு கோடு கோடா பவுடர் விழுந்திருக்கும், எத்தன தடவ பண்ணாலும் அத விரலால தொட எனக்கு மனசே வராது. அதையே மூடாம ஃபேனுக்கு கீழ விட்டேன், மடிப்பெல்லாம் சுருண்டு போய் பேப்பர்ல ஒரு தீற்றல்தான் இருந்துச்சு.

அப்ப ஒரு மழை பெஞ்சு மறுநாளே வெயில் கொளுத்துற பாலைவனத்துல குடைய விரிச்சா என்ன ஆகும்? காய்ஞ்சே போயிடும். அங்க விரியாம, வித்த உள்ளயே வச்சு முத்த வைக்கிறதுதான் பிழைச்சிருக்கு. போடாக்ஸிஸ்னு ஒரு பாலைவனக் காளான் அப்படித்தான், நெடுக்க வெட்டினா தண்டு உச்சி வரைக்கும் ஓடும், சுத்தி கருகருன்னு தூள், தோல் கிழிஞ்சதும் காத்துல பறக்கும். உயிரினங்களுக்குப் பேர் வச்சு வகைப்படுத்தின லின்னேயஸே 1771ல இத பஃப்பால், அதாவது பந்துக் காளான் இனம்னு சேர்த்துட்டார், ஆனா இது பட்டன் காளான் இருக்கற அகாரிகேசி குடும்பம். 1984லயே ஹாரி தியர்ஸ்ங்கற காளான் ஆய்வாளர் இந்த பாதி மூடின காளான்கள வறட்சியோட சேர்த்து எழுதிட்டார்.

எல்லாத்துக்கும் வறட்சிதான் காரணம்னும் நான் சொல்லல, மண்ணுக்குள்ள இருக்கற ட்ரஃபிள்ங்கற மூடின காளான் வாசனையக் காட்டி மிருகங்கள கூப்பிட்டு வித்த பரப்புது, நியூசிலாந்துல ஈரக் காட்டுலயே மூடின காளான் நிறைய இருக்கு.

ஸ்கூல் பசங்களும் உங்க பத்திரிகைய படிக்கறாங்க, அதனால அடுத்த இதழ்ல அந்த ஒரு வரிய திருத்திப் போடுங்க, முடிஞ்சா போடாக்ஸிஸ நெடுக்க வெட்டின படம் ஒண்ணும் சேர்த்து.

இப்படிக்கு,
உங்க வாசகர்