பூட்டுக் கோப்பை அழிக்கச் சொல்லலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உபுண்டு லினக்ஸில் அப்டேட் நின்றுபோனால், ஒரே நேரத்தில் இரண்டு நிறுவல்கள் நடக்காமல் தடுக்கும் பூட்டுக் கோப்பை அழித்துவிடுங்கள், அதற்கும் மசியாவிட்டால் எல்லாவற்றையும் புதிதாக நிறுவிக்கொள்ளுங்கள் என்று தங்கள் கணினிப் பகுதியில் யோசனை சொல்லியிருந்தார்கள். முதல் யோசனை ஆபத்தானது. இரண்டாவதற்கு அநேகமாகத் தேவையே வராது. திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாக நிறுவும் அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ், கணினியைப் போட்ட சிறிது நேரத்தில் பின்னணியில் ஓடத் தொடங்கும். அப்போது மென்பொருளை நிறுவும் ஆப்ட் கட்டளையை நாமும் கொடுத்தால் 'குட் நாட் கெட் லாக்' (பூட்டு கிடைக்கவில்லை) என்று வரும். பூட்டை வைத்திருக்கும் புரோசஸின் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலின்) எண்ணும் பெயரும் அந்தச் செய்தியிலேயே இருக்கும். அது முடியும்வரை காத்திருந்தால் போதும். அந்த நேரத்தில் கோப்பை அழித்தால் இரண்டு நிறுவல்கள், எவை நிறுவப்பட்டுள்ளன என்ற ஒரே பட்டியலில் எழுதத் தொடங்கிவிடும். புரோசஸ் செத்துப்போயிருந்தாலோ இயங்குதளத்தின் மையமான கெர்னலே பூட்டை விடுவித்திருக்கும். வெறும் கோப்பு கிடப்பதால் எந்தத் தடையும் இல்லை. ஆக, எப்படிப் பார்த்தாலும் அழிக்க வேண்டிய வேலை இல்லை.

நிறுவும்போது கரண்ட் போய்விட்டதா? முதலில் 'சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ', அடுத்து 'சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்'. பாதியில் விட்ட பொதிகளை (மென்பொருள் தொகுப்புகளை) முதல் கட்டளை முடித்துவைக்கும், விடுபட்ட சார்புகளை, அதாவது அவற்றுக்குத் தேவையான பிற பொதிகளை, இரண்டாவது கொண்டுவரும்.

உண்மையான மோதல் 'அன்மெட் டிபெண்டன்சீஸ்' (நிறைவேறாத சார்புகள்) என்று வருவதுதான். பெரும்பாலும் அதன் வேர் வெளியிலிருந்து சேர்த்த களஞ்சியமோ (பொதிகளைத் தரும் இணையக் கிடங்கோ), இணையத்தில் இறக்கிய டெப் என்ற பொதிக் கோப்போதான். உபுண்டு 24.04-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 32 பிட் நேர எண்ணிக்கை 2038 ஜனவரி 19-இல் நிரம்பிவிடும் என்பதால், நேர அளவை 64 பிட்டாக மாற்றியபோது நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் பல நூலகப் பொதிகளின் பெயரில் 'டி64' சேர்ந்தது. ஒலிக்கான லிப்அசவுண்ட்2 இப்போது லிப்அசவுண்ட்2டி64. பழைய பெயரைக் கொடுத்தால் 'நோ இன்ஸ்டலேஷன் கேண்டிடேட்' என்று மறுக்கும். உடனே பலர் 22.04-க்கான டெப் கோப்பைத் தேடிப்பிடித்து ஃபோர்ஸ் போட்டுத் திணிக்கிறார்கள். புதிய பொதியோ பழையதோடு சேர்ந்திருக்க மாட்டேன் என்று தன் குறிப்பிலேயே அறிவித்திருக்கிறது. அதன்பின் ஆப்ட் வேறு எதையும் நிறுவ மறுத்து முரண்டு பிடிக்கும். புதிய பெயரில் நிறுவியிருந்தால் ஒரு நிமிட வேலை.

இப்படிச் சிக்கும்போது 'ஆப்ட் பாலிசி' என்று அடித்துப் பொதியின் பெயரைக் கொடுங்கள். நிறுவியிருக்கும் பதிப்பு எது, நிறுவக் காத்திருப்பது எது, ஒவ்வொன்றும் எந்தக் களஞ்சியத்திலிருந்து வருகிறது என்பதெல்லாம் தெரியும். குற்றவாளி ஒரு பிபிஏ (தனிநபர்களோ குழுக்களோ நடத்தும் வெளிக் களஞ்சியம்) என்றால் அதை நீக்குவது மட்டும் போதாது. அதிலிருந்து வந்த பதிப்புகள் அப்படியே தங்கிவிடும். பிபிஏ-பர்ஜ் என்ற கருவி அவற்றை உபுண்டுவின் சொந்தப் பதிப்புக்கு இறக்கித் தரும். ஆப்ட் மூலம் எதைச் செய்யுமுன்னும் அதன் கட்டளையில் '-எஸ்' சேர்த்து ஒத்திகை பாருங்கள். நீக்கப்படும் பட்டியலில் டெஸ்க்டாப் பொதிகள் தென்பட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

'கெப்ட் பேக்' (நிறுத்திவைக்கப்பட்டது) என்று வருவது பல நேரம் பிழையே அல்ல. உபுண்டு சில திருத்தங்களை எல்லோருக்கும் ஒரே நாளில் தராமல் படிப்படியாக விடுகிறது. சில நாளில் தானே வரும். நாமே முன்பு நிறுத்திவைத்த பொதி என்றால் 'ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்' காட்டிக்கொடுக்கும். வட்டில் கெர்னல்கள் இருக்கும் பூட் பகுதி நிரம்பிக் கெர்னல் நிறுவல் தடைபட்டிருந்தால் 'ஆப்ட் ஆட்டோரிமூவ்' பழைய கெர்னல்களை அகற்றும்.

பொதிகளை நிறுவும் அடிப்படைக் கருவியான டிபிகேஜியின் நிலைக் கோப்பே (நிறுவியவற்றின் பட்டியலே) கெட்டுப்போனாலும் உடனே ஃபார்மட் செய்யக் கிளம்ப வேண்டாம். வார் அடைவுக்குள் பேக்கப்ஸ் என்ற அடைவில் அதன் முந்தைய நகல்கள் இருக்கும். கடைசி நகலை எடுத்து வைத்துவிட்டு, அதற்குப் பிறகு நிறுவியவற்றை ஆப்ட் வரலாற்றுப் பதிவேட்டில் பார்த்து மறுபடி நிறுவிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கணினி அமைப்பு நிர்வாகி,
திருச்சி.