கல்லறைத் தமிழைப் படித்துவைக்க ஒரு சங்கம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் தமிழ் பொறித்த கல்லறைக் கற்களைத் தேடிப் படித்து, படமெடுத்து, பதிந்துவைக்க நமக்கென்று ஒரு சங்கம் வேண்டும். சந்தா கட்டிச் சேருகிற, ஆண்டுதோறும் கூட்டம் போடுகிற, கணக்குக் காட்டுகிற முறையான சங்கம். யாரோ ஓர் ஆர்வலர் தனியாக வெயிலில் அலைந்து, அவருக்கு முட்டி வலி வந்ததும் நின்றுபோகிற வேலையாக இது இருக்கக்கூடாது.

நான் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்துப் பிழைத்தவன். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் எல்லாம் என் கை வழியாகப் போயிருக்கின்றன. எங்கே தமிழ் எழுத்தைப் பார்த்தாலும் அது என்ன சொல்கிறது என்பதற்கு முன்னால் எப்படி வெட்டியிருக்கிறது என்றுதான் கண் போகும். என் அம்மாவை சுவா சூ காங் கிறிஸ்தவ இடுகாட்டில் அடக்கம் செய்திருந்தோம். நவம்பர் 2ஆம் தேதி, கல்லறைத் திருநாளன்று, மெழுகுவத்தியும் பூவும் எடுத்துக்கொண்டு குடும்பமாகப் போவோம். ஜெபம் முடிந்ததும் பிள்ளைகள் நிழல் தேடுவார்கள். நான் பக்கத்து வரிசைகளைப் படிக்கக் கிளம்பிவிடுவேன்.

அங்கே ஒரு கல் இருந்தது. சிமெண்டில் பதித்த வெள்ளைச் சலவைக்கல், இடுப்பளவு உயரம். உச்சியில் சிலுவை. அதன் கீழே 'சே. ம. சூ.' சேசு, மரி, சூசை. அந்தக் காலத்துக் கத்தோலிக்கர் கடிதத் தலைப்பில்கூட இதை எழுதிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார்கள். பிறகு ஒரு பெண்ணின் பெயர், கணவர் பெயர், தஞ்சாவூர்ப் பக்கத்து ஊர் ஒன்று, இறந்த தேதி. 'லை', 'னை' எல்லாம் துதிக்கை தூக்கிய பழைய வடிவம். 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்து, பிறகு அது இங்கேயும் வந்து சேரும்வரை நாங்கள் கோத்ததும் அதே வடிவம்தான்.

வெட்டியவருக்குத் தமிழ் தெரியாது என்று பார்த்தவுடனே சொல்லிவிடலாம். துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு இல்லை. புள்ளி ஒன்றுகூட இல்லை. ஒரு ணகரத்தின் சுழி எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. ஆனால் கை அவ்வளவு சுத்தம். எல்லாக் கோடும் ஒரே ஆழம். யாரோ தாளில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து, படம் வரைகிற மாதிரி வெட்டியிருக்கிறார். அதே எதிர்ச்சுழி நான்கு வரிசை தள்ளி, வேறொரு குடும்பத்தின் கல்லிலும் இருந்தது. இரண்டும் ஒரே கை. அந்தக் கல்தச்சர் யார், எந்தப் பட்டறை, இன்னும் எத்தனை தமிழ்க் குடும்பங்களுக்கு வெட்டிக் கொடுத்தார் என்ற கேள்விகளை நாம் கேட்டுப் பார்க்கவேயில்லை. இப்போது அந்த வரிசைகளே இல்லை. என் அம்மாவின் கல்லும் இல்லை. அவருடைய அஸ்தி தேவாலயத்து மாடத்தில் இருக்கிறது. மற்ற இரண்டு கற்களுக்கும் என் மகள் கைப்பேசியில் எடுத்த மங்கலான படங்கள்தான் மிச்சம்.

இதில் யாரையும் குறைசொல்ல வரவில்லை. நிலம் குறைந்த நாடு. 1998 முதல் ஒரு குழிக்கு 15 ஆண்டு என்பது விதி. அதற்குப் பிறகு தோண்டி எடுத்துத் தகனம் செய்வார்கள். சமய வழக்கப்படி தகனம் கூடாதவர்களைச் சிறிய குழிகளில் மறுபடி அடக்கம் செய்வார்கள். தெங்கா விமானத் தளத்தை விரிவுபடுத்துவதற்காக சுவா சூ காங்கில் ஏறத்தாழ 80,000 சீன, முஸ்லிம் கல்லறைகள் அகற்றப்படும் என்று 2017இலேயே அறிவித்துவிட்டார்கள். பழைய பிடாடரி இடுகாட்டில் 2001க்கும் 2006க்கும் இடையில் கிறிஸ்தவக் கல்லறைகள் ஏறத்தாழ 58,000, முஸ்லிம் கல்லறைகள் ஏறத்தாழ 68,000 எடுக்கப்பட்டன. அங்கே இந்துக்களுக்கும் இடம் இருந்தது. இன்று அது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) குடியிருப்புப் பேட்டை. டாக்டர் லிம் பூன் கெங், ராஃபிள்ஸ் ஹோட்டலை வடிவமைத்த பிட்வெல் போன்ற சிலரின் கற்கள் மட்டும் நினைவுத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பிரபலமானவர்களின் கல்லுக்கு எப்படியும் ஓர் இடம் கிடைத்துவிடும். துறைமுகத் தொழிலாளியின் மனைவிக்கு யார் இடம் கொடுப்பார்கள்? பழைய பத்திரிகைகளில் அவள் பெயர் வந்திருக்காது. வீடு, நிலம் என்று எந்தப் பத்திரத்திலும் இருக்காது. கல்லில் மட்டும்தான் பெயரும் ஊரும் சேர்ந்து இருந்தன.

அமெரிக்காவில் கல்லறைக் கற்களை ஆராய்வதற்கென்றே 1977இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். யார் வேண்டுமானாலும் சந்தா கட்டிச் சேரலாம். பேராசிரியர், குடும்ப மரம் தேடுகிறவர், கல் பழுதுபார்க்கிறவர், சும்மா ஆர்வத்தில் வருகிறவர் என்று எல்லாரும் உண்டு. ஆண்டு மாநாடு, ஆய்விதழ், செய்முறைப் பயிற்சி எல்லாம் நடக்கின்றன. நியூ இங்கிலாந்துப் பகுதியில் 17, 18ஆம் நூற்றாண்டுக் கற்களை வெட்டியவர்கள் பெரும்பாலும் கல்லில் பெயர் போடவில்லை. ஆய்வாளர்கள் எழுத்தின் சாயலையும் அலங்காரத்தையும் ஒப்பிட்டு, இறந்தவர்களின் சொத்துக் கணக்கில் 'கல்லுக்குக் கொடுத்தது' என்ற செலவை யார் பெயரில் எழுதியிருக்கிறார்கள் என்று தேடி, கைகளை அடையாளம் கண்டிருக்கிறார்கள். பாஸ்டன் அருகே சார்ல்ஸ்டவுனில் லாம்சன் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகக் கல் வெட்டியதை இன்று பெயர் சொல்லிப் பேச முடிகிறது. இதைப் படித்தபோது அந்த எதிர்ச்சுழி ணகரம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. கற்கள் நின்றிருந்தால் நாமும் செய்திருக்கக்கூடிய வேலை இது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். ஹவ்காங்கில் 1891இல் உருவான ஜப்பானிய இடுகாடு இன்றும் பூங்காவாக இருக்கிறது. காரணம், ஜப்பானியர் சங்கம் அதைப் பொறுப்பெடுத்துப் பராமரிக்கிறது. புக்கிட் பிரவுன் என்ற பழைய சீனர் இடுகாட்டில் சாலை வரப்போகிறது என்று 2011இல் தெரிந்ததும் தொண்டூழியர்கள் வாரயிறுதிகளில் ஆட்களை அழைத்துப்போய்க் கல்லறைகளைக் காட்டிக் கதை சொன்னார்கள். சிங்கப்பூர் மரபுடைமைச் சங்கம் குரல் கொடுத்தது. 3,700க்கும் மேற்பட்ட கல்லறைகளை எடுப்பதற்கு முன் அரசாங்க ஆதரவோடு ஓர் ஆய்வுக் குழு அவற்றை ஆவணப்படுத்தியது. சாலை வந்துவிட்டது, சரி. ஆனால் அந்தக் கற்களில் என்ன இருந்தது என்பது பதிவாகியிருக்கிறது. தமிழ்க் கற்களுக்கு அப்படி ஒரு வேலை நடக்க வேண்டுமென்றால் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள்தான் முன்வர வேண்டும்.

"நாம்தான் எரிக்கிறவர்கள் ஆயிற்றே, நமக்கு ஏது கல்?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எல்லாரும் எரிப்பதில்லை. குழந்தைகளைப் புதைப்போம். சிவனை வழிபடும் லிங்காயத்துகள் உட்காரவைத்து அடக்கம் செய்வார்கள். சுவா சூ காங்கில் இந்து இடுகாடு தனியாக இருக்கிறது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். கடையநல்லூர், தென்காசி, நாகூர் என்று ஊர் ஊராக வந்த தமிழ் முஸ்லிம்கள் இருக்கிறார்கள். இந்துக்களில் பலர் தகனத்தோடு முடித்துக்கொண்டதால் இருக்கிற சில கற்கள் இன்னும் அரியவை. இடுகாட்டுக்குச் சும்மா போகக்கூடாது, போய்விட்டு வந்தால் குளிக்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். போய்விட்டு வந்து குளிப்போம். தமிழ்நாட்டில் புலிமான்கோம்பையில் ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய, தமிழி என்ற பழைய தமிழ் எழுத்து பொறித்த நடுகல் கிடைத்தபோது நாமெல்லாரும் பெருமைப்பட்டோம். அதுவும் இறந்தவருக்கு நட்ட கல்தான்.

சங்கம் வரும்வரை குடும்பங்கள் தாங்களே செய்யக்கூடியவை சில உண்டு. தோண்டி எடுப்பது பற்றிய அறிவிப்பு வந்தால் முதலில் படமெடுங்கள்: முழுக் கல் ஒன்று, எழுத்து மட்டும் நேராக ஒன்று, பக்கத்துக் கல்லறைகளும் தெரிகிற மாதிரி ஒன்று. கல்லறை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நடுப்பகலில் போகாதீர்கள். நம் ஊர் உச்சி வெயிலில் எழுத்து தட்டையாகிவிடும். காலை எட்டு மணி வெயில் பக்கவாட்டில் விழும்போது தேய்ந்த எழுத்தும் எழுந்து வரும். வெயில் கிடைக்காவிட்டால் ஒரு கண்ணாடியைப் பிடித்து ஒளியைச் சாய்வாகக் கல்மேல் விழச் செய்யலாம்.

கழுவுவதென்றால் வெறும் தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும். முதலில் கல்லை நன்றாக நனைத்துவிடுங்கள். பிளீச் வேண்டாம், அமிலம் வேண்டாம், கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். சலவைக்கல்லை அமிலம் அரித்துவிடும். ஒருமுறை போன எழுத்து போனதுதான். இன்னொன்று, எழுத்துக்குப் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் பூசுவது. அன்பினால் செய்வது, எனக்குப் புரிகிறது. ஆனால் தமிழ் தெரியாத ஆளிடம் பிரஷைக் கொடுத்தால் 3 என்பது 8 ஆகிவிடுகிறது, பகரம் மகரமாகிவிடுகிறது. அடுத்த தலைமுறை அதையே உண்மை என்று எடுத்துக்கொள்ளும். பூசுவதற்கு முன்னால் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

பத்துப் பேர் சேர்ந்தால் சங்கப் பதிவகத்தில் விண்ணப்பிக்கலாம். இடுகாடுகளைக் கவனிக்கும் தேசிய சுற்றுப்புற வாரியத்திடம் முறையாகப் பேசவும், திரட்டியதை தேசிய ஆவணக் காப்பகத்துக்கோ இந்திய மரபுடைமை நிலையத்துக்கோ கொடுக்கவும் தனி ஆளைவிட ஒரு சங்கத்துக்குத்தான் எளிது. கோயில், பள்ளிவாசல், தேவாலய நிர்வாகத்தினர் இதைத் தங்கள் அறிவிப்புகளில் ஒரு வரி சொன்னாலே வீட்டு அலமாரிகளிலிருந்து பழைய கல்லறைப் படங்கள் வெளியே வரும். ஜாவி (அரபு எழுத்தில் எழுதும் மலாய்), அரபு படிக்கத் தெரிந்த ஒருவரும், கல்லைப் பற்றித் தெரிந்த ஒருவரும், கணினியில் பட்டியல் போடத் தெரிந்த இளையர்களும் வேண்டும். பழைய தமிழ் எழுத்துக்கு நான் இருக்கிறேன். முதல் கூட்டத்தை யார் எங்கே கூட்டினாலும் முதலாண்டுச் சந்தாவைக் கையோடு கொண்டுவந்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர் ஒருவர்,
புக்கிட் பாத்தோக்