சாருக்குப் பிடித்த விடை

பாளையங்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு தேன்மொழிக்கு,

நேற்று போனில் சிரித்துக்கொண்டே சொன்னாய்: "சாருக்குப் பிடிச்ச முடிவையே எழுதிட்டேம்ப்பா, ஏ கிரேடு போட்டுட்டாரு." 2020 வேளாண் சட்டங்களைப் பற்றிய கட்டுரை. அவர் எந்தப் பக்கம் என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்குள் அம்மா போனை வாங்கிக்கொண்டாள். சொல்ல வந்தது பாக்கி நிற்கிறது.

உன்னைக் கண்டிக்க எனக்கு யோக்கியதை இல்லை. 1993 என்று நினைவு. வேலைக்குச் சேர்ந்த புதிது. தோழர்களோடு திரிந்த காலம். 1991இல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கை நாட்டை விற்கும் வேலை என்று வகுப்பில் முழங்குவேன். ரூபாயின் மதிப்பை ஒரே வாரத்தில் இரண்டு முறை குறைத்தது, தங்கத்தை இங்கிலாந்தில் அடகு வைத்தது எல்லாம் விலாவாரியாக வரும். அந்த நிலைமைக்கு நாடு எப்படி வந்தது என்ற இடத்தை மட்டும் வேகமாகத் தாண்டிவிடுவேன்.

கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் இன்டர்னல் தேர்வில் எதிர்த்து எழுதினான். அவன் அப்பா டெலிபோனுக்கு எழுதிப்போட்டு எட்டு வருஷமாகக் காத்திருக்கிறாராம். எதற்கும் அரசு அனுமதி வேண்டும் என்ற இந்த லைசென்ஸ் முறையால் யாருக்கு லாபம் என்று கேட்டிருந்தான். நல்ல கேள்வி. நான் சிவப்பு மையில் 'சொந்தக் கதை வேண்டாம்' என்று எழுதி 25க்கு 11 போட்டேன். அடுத்த தேர்வில் நான் வகுப்பில் சொன்னதையே வரிக்கு வரி, என் பழமொழி உட்பட, எழுதிக் கொடுத்தான். 21 போட்டேன். பையன் தேறிவிட்டான் என்று ஸ்டாஃப் ரூமில் பெருமை வேறு. அவன் என்னைப் படித்துத் தேறியிருந்தான், அவ்வளவுதான்.

ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் 1917இல் மியூனிக் மாணவர்களிடம் பேசியதை ரொம்பப் பிந்தித்தான் ஒழுங்காகப் படித்தேன். பொதுக்கூட்டத்தில் பேசினால் யாராவது எழுந்து மறுப்பார்கள்; வகுப்பில் மாணவன் வாயைத் திறக்க முடியாது, பிழைப்புக்காக அங்கே வந்து உட்கார்ந்தே ஆகவேண்டும், அதனால் அங்கே கட்சி அரசியல் பேசாதே என்கிறார். அவரவர் கட்சிக்குச் சங்கடமான உண்மைகளைக் காட்டிக் கொடுப்பதுதான் ஆசிரியரின் முதல் வேலை என்றும் சொல்கிறார். என் கட்சிக்கு அந்த டெலிபோன் இருந்தது.

இப்படி எழுதுகிறேன் என்பதால், வெளியாட்கள் வந்து பாடத்திட்டத்தைக் கத்தரிப்பதை ஒத்துக்கொள்கிறேன் என்று நினைத்துவிடாதே. நம் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் 2017 முதல் எம்.ஏ. ஆங்கிலத்தில் அருந்ததி ராய் மாவோயிஸ்டுகளைப் பற்றி எழுதிய புத்தகம் இருந்தது. ஏபிவிபி மாணவர் அமைப்பு புகார் கொடுத்ததும் 2020 நவம்பரில் அதை எடுத்துவிட்டு மா. கிருஷ்ணனின் இயற்கைக் கட்டுரைகளை வைத்தார்கள். கிருஷ்ணன் நம்மூரில் பிறந்தவர், நாவலாசிரியர் மாதவையாவின் மகன், அருமையான எழுத்து. அவரைப் போய் ஓட்டை அடைக்கப் பயன்படுத்தினார்களே என்று எனக்குக் கூடுதல் எரிச்சல். நீ இருக்கும் டெல்லியிலும், டெல்லி பல்கலைக்கழகத்தில், 2011இல் இதே கதைதான். கம்பனையும் வால்மீகியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசும் ஏ.கே. ராமானுஜனின் கட்டுரையை வரலாற்றுப் பாடத்திலிருந்து நீக்கினார்கள். கேட்கப்பட்ட நான்கு வல்லுநர்களில் மூன்று பேர் இருக்கட்டும் என்றுதான் சொன்னார்கள்.

ராய் புத்தகத்தில் எனக்கு ஒப்பாத பக்கங்கள் நிறைய உண்டு. வகுப்பில் வைத்துச் சண்டை போட்டிருக்கலாம். புத்தகத்தையே எடுத்துவிட்டால் எதனோடு சண்டை போடுவது? எதிர்த்து எழுதினால் 11 என்றால் யார் சண்டைக்கு வருவார்?

சரி, ஒன்று செய். அந்தக் கட்டுரையில் எழுத நினைத்து எழுதாமல் விட்டதை எனக்கு எழுதி அனுப்பு. இரண்டு பக்கம் போதும். ஆதரவு விலை பற்றி எனக்கும் உனக்கும் ஒத்துப்போகாது என்று தெரியும், அதற்காக மழுப்பாதே. மார்க் போட மாட்டேன்.

அம்மா சீடை பார்சல் அனுப்பியிருக்கிறாள். பாதி நொறுங்கித்தான் வரும்.

அன்புடன்,
அப்பா