பொம்மசந்திராவிலிருந்து விமானம் பிடிக்கும் கணக்கு

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. சின்னவளுக்குக் கிண்டியில் இடம் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் பெரிய சந்தோஷம். அவளிடம் சொல்லிவிடு. ஆனால் பம்பு சாம்பிளோடு பொம்மசந்திரா வாடிக்கையாளரைப் பார்த்துவிட்டுக் கோவை திரும்பும்போது பெங்களூரில் விமானம் தவற இருந்ததைப் பற்றி நீ எழுதியதைப் படித்ததும் வயிறு கலங்கிவிட்டது. நீ பி.பி. மாத்திரை சாப்பிடுகிற ஆள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற நிலைமை இனி உனக்கு வரக்கூடாது. அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

மாலை 7.30 விமானத்துக்கு 4.15க்குக் கிளம்பினேன், மூன்றேகால் மணி நேரம் இருந்தும் இப்படி ஆகிவிட்டதே என்கிறாய். உன்னிடம் இருந்தது இரண்டேகால் மணி நேரம்தான். உள்நாட்டு விமானங்களில் பெட்டி வாங்கும் கவுன்டரைப் பொதுவாகப் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். ஏறும் கேட் 25 நிமிடம் முன்பு மூடும். பெட்டி இருந்தால் உன் கெடு 6.30, கைப்பை மட்டும் என்றால் 7.05. டிக்கெட்டில் அச்சான 7.30ஐ மறந்துவிடு. நீ 6.20க்கு வாசலில் இறங்கியிருக்கிறாய். பெட்டி இல்லாமல் வந்திருந்தால் இவ்வளவு பதற்றமே இருந்திருக்காது.

ஒரு நிமிடம் தாமதித்தாலும் ஏன் கறாராக மறுக்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். பெட்டி கவுன்டரைத் தாண்டியதும் எக்ஸ்ரேயில் போய், பிரிக்கப்பட்டு, வண்டியில் ஏறி, விமானத்தின் வயிற்றுக்குள் அடுக்கப்பட வேண்டும். எத்தனை பேர், எத்தனை கிலோ, முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்று எடைக் கணக்குத் தாள் தயாராகி கேப்டன் கைக்குப் போக வேண்டும். பெட்டி போட்ட ஆள் கேட்டுக்கு வரவில்லை என்றால் அந்தப் பெட்டியைத் தேடி இறக்காமல் விமானம் கிளம்பக்கூடாது. கவுன்டரில் நிற்கும் பிள்ளைக்கு மனம் இளகினாலும், நேரமானதும் கணினி பூட்டிக்கொள்ளும். அவர்களிடம் கோபப்படாதே.

இன்னொன்று. 'விமானம் 40 நிமிடம் தாமதம்' என்று செய்தி வந்தால் அதை நம்பிச் சாவகாசமாக வராதே. தாமதம் குறைந்துவிடுவதும் உண்டு. கவுன்டரைப் பழைய நேரத்துக்கே மூடுவதும் உண்டு.

இனி வழி. பொம்மசந்திராவிலிருந்து விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி ஏறக்குறைய 60 கிலோமீட்டர், ஊரைத் தெற்கு வடக்காக முழுதும் கடக்க வேண்டும். மாலையில் சில்க் போர்டு, ஹெப்பால் சந்திப்புகளின் நெரிசல் எவ்வளவு நேரத்தை விழுங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. காரில் போனால் இரண்டரை மணி நேரம் ஒதுக்கு. டெர்மினல் வாசல் வரிசைக்கும் கவுன்டர் வரிசைக்கும் முக்கால் மணி சேர்த்துக்கொள். 6.30லிருந்து பின்னால் எண்ணினால் 3.15. அதாவது வாடிக்கையாளரிடம் 3 மணிக்கே எழுந்து நிற்க வேண்டும்.

கைப்பை மட்டும் என்றால் மெட்ரோ நல்லது. 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் தடம் பொம்மசந்திராவிலேயே தொடங்குகிறது, சில்க் போர்டு நெரிசலுக்கு மேலேயே போய்விடும். ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கு மாறி மெஜஸ்டிக்கில் இறங்கு. அங்கிருந்து விமான நிலையத்துக்குப் போகும் வாயு வஜ்ரா பஸ். காரைவிட வேகம் என்று சொல்லமாட்டேன், ஹெப்பால் அப்போதும் வழியில்தான் இருக்கும். ஆனால் பாதித் தூரத்துக்காவது நேரம் உன் கையில் இருக்கும்.

சாம்பிள் விஷயத்துக்கு வருகிறேன், அங்கேதான் நீ நிறைய நேரம் இழக்கிறாய். வார்ப்பிரும்பு, பித்தளை இம்பெல்லர்களை (பம்புக்குள் சுழலும் சக்கரங்களை) எக்ஸ்ரே ஊடுருவிக் காட்டாது, திரையில் கறுப்புத் திட்டாகத் தெரியும். பையை ஓரங்கட்டித் திறக்கச் சொல்வார்கள், பத்து நிமிடம் போய்விடும். எல்லாவற்றையும் ஒரே துணிப்பையில் கட்டி, லேப்டாப்போடு தனி டிரேயில் நீயே எடுத்து வை. டெலிவரி சலான் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். ஸ்பானர், ஸ்க்ரூடிரைவர் செட் கைப்பையில் வேண்டாம். பெட்ரோல் வாடை அடிக்கும் பழைய பம்பு செட் எந்தப் பையிலும் போகாது. பவர் பேங்க் மட்டும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெட்டியில் அது இருந்தால் பெட்டியை நிறுத்திவிட்டு உன்னைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். என்னைக் கேட்டால், சாம்பிளை லாரி பார்சலில் முன்னாடியே அனுப்பிவிடு, திரும்பக் கொண்டுவராதே. கைப்பைக்கு 7 கிலோதான் கணக்கு, அதில் இரும்பைச் சுமப்பானேன்?

வெப் செக்-இன் பெரும்பாலும் 48 மணி நேரம் முன்பே திறக்கும். முதல் நாள் இரவே முடித்து, போர்டிங் பாஸை, முகத்தைக் காட்டியே உள்ளே போகவிடும் டிஜியாத்ரா செயலியில் ஏற்றிவிடு. அந்த வசதி பெங்களூரில் 2022 டிசம்பரிலிருந்தே உண்டு, கோவையிலும் வந்துவிட்டது. டிக்கெட்டில் பெயர் ஆதாரில் உள்ளபடி இருக்கட்டும். உனக்கு இனிஷியல் தகராறு இருக்கிறதே, அதை முதலில் பார். அசல் ஆதார் அட்டை சட்டைப்பையில் இருக்கட்டும். உள்ளே போனபின் கேட் எண்ணைத் திரையில் பார், அது மாறும். பல நிலையங்களில் இப்போது ஒலிபெருக்கியில் கூப்பிடுவதில்லை. பஸ்ஸில் கொண்டுபோய் ஏற்றும் கேட் என்றால் கடைசி பஸ் போனதும் கதை முடிந்தது.

தவறியே போனாலும் முழுப் பணமும் போய்விடாது. அடிப்படைக் கட்டணம் திரும்பாவிட்டாலும் அரசு வரிகளையும் விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்பது விமானத் துறையைக் கண்காணிக்கும் டிஜிசிஏவின் விதி. கேட்டு வாங்கு. போகவர ஒரே பிஎன்ஆரில் (முன்பதிவு எண்ணில்) எடுத்து, போகும் பயணம் தவறிவிட்டால், திரும்பும் டிக்கெட் உயிரோடு இருக்கிறதா என்று அங்கேயே விசாரித்துவிடு.

ஆனால் சண்முகம், இந்த வாடிக்கையாளருக்காக விமானம் தேவையா என்று யோசி. பொம்மசந்திரா ஓசூர் ரோட்டின் மேலேயே இருக்கிறது. தெற்கே கோவைக்குத் திரும்ப, 60 கிலோமீட்டர் வடக்கே போகிறாய். கோவை–பெங்களூர் வந்தே பாரத் ஓசூரில் நிற்கிறது. காலையில் அதில் ஏறி ஓசூரில் இறங்கினால் பொம்மசந்திரா பக்கம்தான். திரும்ப, கோவை போகும் இரவு ஸ்லீப்பர் பஸ்கள் எலக்ட்ரானிக் சிட்டி, அத்திப்பள்ளி வழியாகத்தான் போகின்றன. விமானமே எடுத்திருந்தாலும், கையில் பெட்டியோடு 4 மணிவரை பேச்சு முடியவில்லை என்றால் விமான நிலையத்தை விட்டுவிட்டு பஸ்ஸுக்குச் சீட்டுப் போடு. மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் விடியும்போது அவினாசி.

அடுத்த மாதம் எந்தத் தேதி போகிறாய் என்று எழுது. ரயில் நாளும் நேரமும் பார்த்துச் சொல்கிறேன். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராமசாமி