மல்லிகாவுக்கு, கிருஷ்ணகிரியிலிருந்து

கிருஷ்ணகிரி,
ஆவணிக் கடைசி

அன்புள்ள மல்லிகா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, மாத்திரை மட்டும் மாறியிருக்கிறது. பெரியவன் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். நம் ஹாஸ்டல் வார்டன் அம்மாவைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். "அந்தப் பால்கோவாக்காரி எப்படி இருக்கா?" என்றுதான் முதல் கேள்வியே. அவர் மறக்கவில்லை, நீயும் மறந்துவிடாதே. சரி, விஷயத்துக்கு வருகிறேன். போனில் ஆரம்பித்தால் பாதியிலேயே உன்னை வார்டில் கூப்பிட்டுவிடுவார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

ராயக்கோட்டைப் பக்கத்து அக்கா ஒருவர் எங்கள் தோல் பிரிவுக்கு வந்தார். மாங்கூழ் ஃபேக்டரியில் சீசன் வேலை பார்த்தவர். தோத்தாபுரி மாங்காய் லோடு வந்தால் காம்பு நீக்குவது, கழுவுவது எல்லாம் அவர்தான். இரண்டு கையும் மணிக்கட்டு வரை வெடித்து நீர் கசிய, போன வருஷமே வேறு ஓர் இடத்தில் காட்டியிருக்கிறார். எது ஆகவில்லை என்று கண்டுபிடிக்க, சந்தேகப்பட்ட பொருள்களை முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்துவிட்டு, "உனக்கு எல்லாமே அலர்ஜி, மாங்காயும் ஆகாது, சோப்பும் ஆகாது, வேலையை விட்டுடு" என்று அனுப்பிவிட்டார்கள். அவரும் விட்டுவிட்டார். வேலையை விட்டும் கை ஆறவில்லை.

என்ன ஒட்டினார்கள் என்று கேட்டதும் வயிறு எரிந்தது மல்லி. ஃபேக்டரியில் தரை கழுவும் திரவத்தை ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கலக்காமல் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். மாங்காய்ப் பாலையும் அப்படியே. இரண்டு நாள் மூடி வைத்தால் யார் முதுகும் வெந்துதான் போகும். பட்டையைப் பிரித்த உடனே பார்த்து, சிவந்ததையெல்லாம் அலர்ஜி என்று எழுதிவிட்டார்கள். அதோடு முடிந்தது, மறுபடி வரச் சொல்லவே இல்லை.

கண் வார்டில் உனக்கு இது வந்திருக்காது, அதனால் சொல்கிறேன். எரிச்சல் என்பது பொருள் நேராகத் தோலைப் புண்ணாக்குவது. அளவு கூடினால் எனக்கும் வரும், உனக்கும் வரும். அலர்ஜி அப்படி இல்லை. உடம்பு அந்தப் பொருளை முன்பே அறிந்து நினைவில் வைத்திருக்க வேண்டும். அந்த நினைவுள்ள டி செல்கள், அதாவது எதிர்ப்புச் சக்தி வெள்ளணுக்கள், திரண்டு வந்து சேர நேரம் ஆகும். அதனால்தான் எரிச்சல் பட்டை பிரிக்கும்போதே உச்சத்தில் இருந்து பிறகு அடங்குகிறது. அலர்ஜி நாள் போகப் போக ஏறுகிறது. 1895இல் யாடாசோன் என்ற ஜெர்மன் டாக்டர் பாதரசத்தை வைத்து இந்தப் பேட்ச் டெஸ்ட்டை ஆரம்பித்தார். இத்தனை காலத்துக்குப் பிறகும் முடிவைச் சொல்வது கண்ணும் விரலும்தான், இயந்திரம் எதுவும் இல்லை.

நாங்கள் திங்கட்கிழமை ஒட்டினோம். சின்னச் சின்ன அலுமினியக் கிண்ணங்களில் வாசலினில் குழைத்த மருந்துகள், அளவெல்லாம் ஏற்கெனவே நிர்ணயித்தது. அவர் ஃபேக்டரியிலிருந்து கொண்டுவந்த ரப்பர் கிளவுஸிலிருந்து ஒரு துண்டு, மாந்தோல் ஒரு துண்டு. புதன்கிழமை பிரித்து, பட்டை அழுத்திய சிவப்பு அடங்க அரைமணிக்கு மேல் உட்கார வைத்துவிட்டுப் பார்த்தோம். வாசனைப் பொருள் கலவை பளிச்சென்று சிவந்திருந்தது, கிண்ணத்தின் வட்டத்துக்குள்ளேயே வரைந்து வைத்த மாதிரி. கிளவுஸ் துண்டு இருந்த இடமும், ரப்பரில் சேர்க்கும் தையூரம் இருந்த இடமும் மங்கலாக, பிளஸ் போடுவதா கேள்விக்குறி போடுவதா என்ற நிலையில். மாந்தோலில் ஒன்றும் இல்லை. அன்றோடு நிறுத்தியிருந்தால் "சென்ட்டு, பவுடர் ஆகாது" என்று சொல்லி அனுப்பியிருப்போம்.

வெள்ளிக்கிழமை எல்லாம் தலைகீழ். வாசனைப் பொருள் இடம் வறண்டு பழுப்பேறிக் கிடந்தது. தையூரமும் கிளவுஸ் துண்டும் தடித்து, பொடிக் கொப்புளம் கிளம்பி, எல்லையைத் தாண்டிப் பரவியிருந்தன. "எரியுதா, அரிக்குதா?" என்றால், "அங்கதான் சாமி தாங்க முடியாம அரிக்குது" என்கிறார். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலே அந்த மேடு தெரிகிறது. டாக்டர் இரண்டு பிளஸ் போட்டார், பலமான அலர்ஜி என்று அர்த்தம். மாங்காய்ப் பாலிலிருந்து கையைக் காப்பாற்ற மாட்டிக்கொண்ட கிளவுஸ்தான் காரணம்! வேலையை விட்ட பிறகும், சோப்பு ஆகாது என்று சொன்னார்களே என்று, வீட்டில் பாத்திரம் கழுவ அதே கிளவுஸைத்தான் போட்டிருக்கிறார். கை எப்படி ஆறும்?

எப்போதும் இவ்வளவு தெளிவாக இருக்காது. நிக்கல், கோபால்ட் மாதிரி உலோகங்களில் சிலருக்குச் சின்னச் சீழ்ப்பொட்டு வரும், பார்த்தால் பயமாக இருக்கும், அது பெரும்பாலும் எரிச்சல்தான். சில சமயம் ஒரே ஒரு பலமான அலர்ஜியால் முதுகு முழுக்கச் சிவந்துவிடும், எது நிஜம் என்றே சொல்ல முடியாது. அப்போது எல்லாம் ஆறிய பிறகு தனித்தனியாக ஒட்டிப் பார்க்க வேண்டும். மாங்காய் எல்லோருக்கும் நிரபராதி என்றும் எழுதிவிட முடியாது. அது சேங்கொட்டை, முந்திரிக் குடும்பம். நிஜமாகவே அலர்ஜி வருகிறவர்கள் உண்டு. இந்த அக்காவுக்கு இல்லை, அவ்வளவுதான்.

எனக்குத் தூக்கம் கெடுவது அந்த வெள்ளிக்கிழமையால்தான். திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு வா என்றால் அஞ்செட்டியிலிருந்து யார் வருவார்கள்? அதுவும் முதுகில் தண்ணீர் படக்கூடாது, வியர்க்கக்கூடாது, சுமை தூக்கக்கூடாது. சித்திரை வெயிலில் இதைச் சொல்லவே வாய் வராது, அதனால் சீசன் முடிந்துதான் ஒட்டுகிறோம். புதன்கிழமை பட்டையைப் பிரித்ததும், "அதான் எடுத்துட்டீங்களே, இன்னும் எதுக்கு?" என்று கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கடைசி ரீடிங்குக்கு பஸ் காசாவது கொடுக்க வழி வேண்டும் என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன், விடப்போவதில்லை. ஒரு பொம்பளையின் வேலையையே பறிக்கிற வார்த்தையைப் பாதி டெஸ்ட்டில் சொல்ல யாருக்கும் உரிமை இல்லைடி.

அக்காவுக்கு இப்போது உள்ளே பருத்திக் கிளவுஸ், மேலே ரப்பர் இல்லாத வினைல் கிளவுஸ். கை ஆறி வருகிறது. அடுத்த சீசனுக்கு எடுத்துக்கொள்வதாக மேஸ்திரி சொல்லியிருக்கிறாராம். எந்தக் கிளவுஸ் வாங்க வேண்டும் என்று டாக்டர் கையெழுத்தோடு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது. இமை வீங்கி அரித்துக்கொண்டு வருகிறவர்களிடம் என்ன சொட்டு மருந்து, எத்தனை நாளாக என்று கேள். நியோமைசின் என்ற கிருமிக்கொல்லி உள்ள மருந்து போடப் போட இமை மோசமாகிறது என்றால் டாக்டர் காதில் போட்டு, அங்குள்ள தோல் பிரிவுக்கு அனுப்பச் சொல். அது சில சமயம் வெள்ளிக்கிழமைகூடக் காட்டாமல் ஏழாம் நாள்தான் எழும்பும், அதனால் ஒரு வாரம் கழித்தும் போகும்படி சொல்லி அனுப்பு. தீபாவளிக்கு லீவு கிடைக்குமா என்பதையும் எழுது. போன தடவை மாதிரி ஒற்றை வரியில் பதில் போட்டால் பால்கோவா கதையை உன் மருமகளிடம் சொல்லிவிடுவேன்.

அன்புடன்,
சாந்தி